பல நாட்டு மாட்டிறைச்சியை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு பெரிய பேரங்காடியின் குளிர்பெட்டி முன்னால் நின்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில், அமெரிக்கா, ஜப்பான் என்று வெவ்வேறு நாட்டுப் பெயர் ஒட்டிய மாட்டிறைச்சி பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு நாட்டைச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் பலர் உண்மையில் ஒப்பிட்டிருப்பது நாடுகளை அல்ல. ஒரு நாட்டு இளங்கிடாரியின் முதுகுத் துண்டையும் வேறொரு நாட்டுக் கிழப்பசுவின் தொடைத் துண்டையும்தான்.

நாட்டின் பெயர் தன்னளவில் எந்தச் சுவையையும் தருவதில்லை. மாட்டின் இனம், அது தின்றது புல்லா தானியமா என்பது, வெட்டப்பட்டபோது அதன் வயது, வெட்டிய பின் இறைச்சி குளிரில் முதிர்ந்த நாள்கள், உடலின் எந்தப் பகுதித் தசை என்பது ஆகிய ஐந்தும்தான் வாயில் தெரிபவை. ஒவ்வொரு நாட்டிலும் இவை ஒரு பழக்கமான சேர்க்கையாக அமைந்துவிடுவதால் அதை நாம் நாட்டின் சுவை என்கிறோம். ஆகவே ஒப்பிட விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த ஐந்தில் தம் கையில் உள்ளவற்றைச் சமப்படுத்துவது. சமப்படுத்த முடியாதவற்றை எழுதி வைத்துக்கொள்வது.

ஒரே பகுதி, ஒரே கனம்

ஒப்பீட்டுக்கு ஸ்ட்ரிப்லாயின் எனப்படும் இடுப்புக்கு மேலான முதுகுத் துண்டு மிகப் பொருத்தமானது. ஏறத்தாழ எல்லா நாட்டு ஏற்றுமதியிலும் அது கிடைக்கும். இழை ஒரே திசையில் ஓடும். ஓரத்தில் ஒரு கொழுப்புப் பட்டை இருப்பதால் கொழுப்பின் நிறத்தையும் தனியே பார்க்கலாம். முதுகெலும்புக்கு அடியில் உள்ள டெண்டர்லாயின் இதற்கு உதவாது. அதிகம் உழைக்காத தசை அது; எந்த நாட்டு மாடானாலும் மென்மையாகவே இருக்கும்; வேறுபாடுகளை அது மூடி மறைத்துவிடும். விலாப் பகுதியின் ரிப்ஐ துண்டில் இரண்டு மூன்று தசைகளும் நடுவே ஒரு கொழுப்புத் திரளும் இருப்பதால், ஒருவர் வாயில் போனது வேறு, அடுத்தவர் வாயில் போனது வேறு என்றாகிவிடும்.

எல்லாத் துண்டுகளும் இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். உறைந்ததையும் உறையாததையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. உறைய வைக்கும்போது உருவாகும் பனித்துகள்கள் தசை உயிரணுக்களைக் கிழிப்பதால், இளகும்போது சாறு வடிந்துவிடுகிறது. அந்த வறட்சியை நாட்டின் குற்றமாகக் கணக்கில் எழுதிவிடுவோம். எல்லாமே குளிர்ந்தவையாகக் கிடைக்காவிட்டால், எல்லாவற்றையுமே உறைய வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுவதும் மெல்ல இளகவிட்டுச் சமைப்பது நியாயமான வழி.

முத்திரைகளை எப்படிப் படிப்பது

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு நாட்டின் தர முத்திரையும் வெவ்வேறு கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில். ஆனால் பொட்டலத்தில் பதில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும், கேள்வி இருக்காது.

அமெரிக்க வேளாண் துறையின் தரம் 1927 முதல் நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டாம் விலா எலும்புக்கும் பதின்மூன்றாம் விலா எலும்புக்கும் இடையே வெட்டி, அங்கே தசைக்குள் இழையோடும் கொழுப்பையும் மாட்டின் முதிர்ச்சியையும் பார்த்து, மேலிருந்து கீழாக பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று வகுக்கிறார்கள். தசைக்குள் ஓடும் அந்தக் கொழுப்பையே மார்பிளிங் என்கிறார்கள். தரம் பிரிப்பது கட்டாயமல்ல. இறைச்சி நிறுவனம் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறுவது. நோயற்ற இறைச்சிதானா என்ற ஆய்வு மட்டுமே கட்டாயம். எனவே தர முத்திரை இல்லாத அமெரிக்க இறைச்சி தரங்கெட்டது என்று பொருளில்லை. ஆங்கஸ் என்பது ஒரு மாட்டினம்; அந்தச் சொல்லிலும் கவனம் தேவை. அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற ஆங்கஸ் முத்திரை, மாட்டின் தோலில் பாதிக்கு மேல் கறுப்பாக இருக்க வேண்டும் என்றே நிபந்தனை விதிக்கிறது. வம்சாவளிச் சான்று கேட்பதில்லை. கொழுப்பிழை முதலிய வேறு நிபந்தனைகளும் அதற்கு உண்டு என்பதால் அந்த முத்திரை பயனற்றதல்ல. ஆனால் அதை இனத்துக்கான சான்று என்று நம்பி வாங்குவது வேறு.

ஜப்பானிய முத்திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ, பி, சி என்ற எழுத்து, உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதைச் சொல்வது. அது வியாபாரிக்கான செய்தி, உண்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. 1 முதல் 5 வரையிலான எண்தான் தரம். கொழுப்பிழை, இறைச்சியின் நிறமும் பளபளப்பும், உறுதியும் இழை நயமும், கொழுப்பின் நிறமும் தன்மையும் என்று நான்கைத் தனித்தனியே மதிப்பிட்டு, அவற்றில் எது குறைவோ அதையே மொத்தத் தரமாகக் கொள்கிறார்கள். கொழுப்பிழைக்கு மட்டும் 1 முதல் 12 வரை ஒரு தனி அளவுகோல் உண்டு; 5 என்ற தரம் பெற அதில் 8 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். ஆகவே ஏ5 என்று எழுதிய இரண்டு பொட்டலங்களுக்கு இடையிலேயே பெரிய வேறுபாடு இருக்கலாம். கடையில் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை. கோபே என்ற பெயர் ஹியோகோ மாகாணத்தின் தஜிமா வழி மாடுகளுக்கு மட்டுமே உரியது. அது ஜப்பானை விட்டு வெளியே ஏற்றுமதியாகத் தொடங்கியதே 2012-இல்தான். ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. 2001-இல் அங்கே மாடுகளின் மூளையைத் தாக்கும் பித்தப்பசு நோய் (மேட் கவ்) கண்டறியப்பட்டதையடுத்து 2003-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வந்த ஏற்பாடு அது. பொட்டலத்தில் அந்த எண் இருந்தால், மாடு பிறந்த மாதத்தையும் வளர்ந்த மாகாணத்தையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு முறைகள் அருகருகே உள்ளன. ஒன்று 0 முதல் 9 வரையிலான கொழுப்பிழை எண். வாக்யு எனும் ஜப்பானிய வழி மாடுகளின் இறைச்சிப் பொட்டலங்களில் இருப்பது அதுதான். ஜப்பானிய 12-படி அளவுகோலோடு அதை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. அதோடு, ஆஸ்திரேலிய வாக்யு என்பதில் பெரும்பகுதி கலப்பினம் என்பதும் நினைவில் இருக்கட்டும். முழு இரத்தம், அதாவது கலப்பே இல்லாதது என்றால் பொட்டலத்தில் அதைப் பெருமையாகவே எழுதியிருப்பார்கள். மற்றது மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா, சுருக்கமாக எம்எஸ்ஏ. உலகில் உள்ள தர முறைகளுள் உண்பவரை மனத்தில் வைத்து உருவானது இது ஒன்றே என்பது என் கருத்து. மற்ற முறைகள் மாட்டின் உடலுக்கு ஒரு முத்திரை குத்திவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. எம்எஸ்ஏ, சாதாரண மக்களை உட்கார வைத்துச் சுவைக்கச் செய்த சோதனைகளின் அடிப்படையில், இந்தத் துண்டை இத்தனை நாள் முதிரவைத்து இந்த முறையில் சமைத்தால் இத்தனை நட்சத்திரம் என்று சொல்கிறது. ஒரே துண்டு சுடும்போது மூன்று நட்சத்திரமும் மெல்ல வேகவைக்கும்போது நான்கும் பெறக்கூடும். சமையலறை அனுபவமும் அதைத்தானே சொல்கிறது.

எம்எஸ்ஏ கணக்கிடுபவற்றில் திமிலின் உயரமும் ஒன்று. வட ஆஸ்திரேலியாவின் வெப்பத்தைத் தாங்குவதற்காக அங்கே பிராமன் போன்ற திமிலுள்ள மாடுகளை வளர்க்கிறார்கள். தெற்கே குளிர்ந்த பகுதிகளில் ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு. திமிலுள்ள இனங்களில் கால்பாஸ்டாடின் என்ற புரதத்தின் வீரியம் கூடுதல். வெட்டிய பின் தசை இழைகளை அறுத்து மென்மையாக்கும் நொதியை அது தடுப்பதால், அந்த இறைச்சி எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் மெதுவாகவே மிருதுவாகிறது. ஆக, ஆஸ்திரேலியா என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வகை இறைச்சி விற்பனைக்கு வருகிறது.

இதே திமில் கதை பிரேசிலில் இன்னும் நீளமானது. அங்கே மிகுதியாக வளர்க்கப்படும் நெலோர் இனம், நம் பக்கத்து நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகளின் வழி வந்தது. பெயரும் அந்த ஊரின் பெயரே. நெல்லூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கப்பலேறிய அந்த மாடுகளின் சந்ததியே இன்று உலகின் மிகப் பெரிய இறைச்சி ஏற்றுமதிகளுள் ஒன்றைத் தாங்குகிறது. இறைச்சி கொழுப்புக் குறைந்தது, சற்று உறுதியானது, மாட்டு மணம் தெளிவானது. பிரேசில்காரர்கள் திமிலையே கூபிம் என்ற பெயரில் தனித் துண்டாக எடுத்து, தணலுக்கு எட்டத்தில் மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். கொழுப்பும் இழையும் மாறி மாறி அமைந்த அந்தத் துண்டுக்கு அது ஒன்றே சரியான சமையல்.

அர்ஜென்டினா என்றதும் பம்பாஸ் புல்வெளி நினைவுக்கு வரும். ஆனால் இப்போது அங்கேயும் கடைசி மாதங்களில் தொழுவத்தில் அடைத்துத் தானியம் கொடுப்பது பரவலாகிவிட்டது. புல் மட்டும் தின்ற மாடுதானா என்பதைப் பொட்டலத்தில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். உருகுவேயில் வளர்ச்சி ஹார்மோன்களுக்குத் தடை உண்டு. 2006 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் மின்னணு அடையாளம் கட்டாயம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹார்மோன் அனுமதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. நியூசிலாந்தில் பெரும்பாலும் மேய்ச்சல் மாடுதான். பால்பண்ணை மாடுகளும் அதில் கணிசமாகக் கலந்திருக்கும்.

ஐரோப்பாவின் இ, யூ, ஆர், ஓ, பி என்ற எழுத்துகளைப் பார்த்துச் சுவையை ஊகிக்க முயல்வது வீண். அவை உடலில் தசை எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதையே சொல்கின்றன. பக்கத்தில் உள்ள எண் உடல்மேல் கொழுப்புப் போர்வையின் அளவு. தசைக்குள் ஓடும் கொழுப்பைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. ஸ்பெயினின் கலீசியா, பாஸ்க் பகுதிகளில் வயதான பசுக்களின் இறைச்சியை ஆழ்ந்த சுவைக்காகவே தேடி வாங்குகிறார்கள். அமெரிக்க முறையில் அதே வயது தரத்தைக் கீழே இழுத்துவிடும்.

இந்திய இறைச்சி என்று வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுவது எருமை. பசு, எருது, கன்று இறைச்சியை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை உள்ளது. எலும்பு நீக்கிய எருமை இறைச்சிக்கே அனுமதி. மலேசியக் கடைகளிலும் வளைகுடாக் கடைகளிலும் மலிவாக உறைநிலையில் கிடைப்பது அதுவே. அதை ஸ்டேக், அதாவது கனமாக வெட்டி வாட்டும் துண்டுகளின் வரிசையில் வைத்து மதிப்பெண் போடுவது முறையாகாது. அதற்கான இடம் கடைசியில் வரும்.

பொட்டலத்தைப் பிரித்ததும்

காற்று நீக்கிய பொட்டலத்தில் இறைச்சி கத்தரிக்காய்த் தோல்போல ஊதா கலந்த கருமையில் இருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மையோகுளோபின் என்ற நிறப்பொருள் ஆக்சிஜனைக் காணாத நிலையில் அப்படித்தான் இருக்கும். பிரித்து ஒரு தட்டில் வைத்து அரைமணி நேரம் குளிர்பெட்டியில் விட்டால் மேற்பரப்பு செந்நிறமாகும். பிரித்த நொடியில் எழும் புளித்த வாடையும் அதற்குள் அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தாலோ தொட்டால் பிசுபிசுத்தாலோ அந்தத் துண்டைத் தூக்கி எறியுங்கள். வடிந்திருக்கும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல. அதே நிறப்பொருள் கலந்த தசை நீர். அது அளவுக்கு மீறி இருந்தால், இறைச்சி உறைந்து இளகியது என்று சந்தேகிக்கலாம்.

அரைமணிக்குப் பின்னும் ஒரு துண்டு மட்டும் கறுத்து, வெட்டுப்பரப்பு வறண்டு ஒட்டும் தன்மையோடு இருந்தால், அந்த மாடு வெட்டப்படுமுன் களைப்பிலோ அச்சத்திலோ இருந்திருக்கலாம். தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிட்டதால் அமிலம் போதிய அளவு உருவாகவில்லை. அப்படிப்பட்ட இறைச்சியின் சுவை தட்டையானது, விரைவில் கெடும். எம்எஸ்ஏ முறையில் அதற்கு முத்திரை கிடைக்காது. உங்கள் வரிசையிலும் அதைச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, ஓரக் கொழுப்பை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். புல் தின்ற மாட்டின் கொழுப்பு வெண்ணெயின் மஞ்சளில் இருக்கும். பச்சைப்புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் அங்கே தங்குகிறது. தானியம் தின்றதன் கொழுப்பு வெண்மை. எருமைக் கொழுப்பு எதைத் தின்றாலும் வெளுப்பே, எருமைப்பாலைப் போல. அந்த நிறப்பொருளை எருமை வைட்டமினாக மாற்றிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு துண்டிலிருந்தும் மொச்சைக்கொட்டை அளவு கொழுப்பை எடுத்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். ஜப்பானிய வாக்யு கொழுப்பு தேய்க்கத் தேய்க்க எண்ணெயாகி விரல்வழி இறங்கும். ஒலியிக் அமிலம் மிகுந்திருப்பதால் அதன் உருகுநிலை தாழ்வு. மற்றவை மெழுகுபோல நிற்கும். நாக்கில் நடக்கப்போவது என்ன என்பதை விரலே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

கடைசியாக, வெட்டிய தேதி அச்சிடப்பட்டிருந்தால் அதிலிருந்து இன்று வரை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதிர்வதில் கிடைக்கும் மென்மையில் பெரும்பகுதி முதல் இரண்டு வாரங்களில் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தோ தென்னமெரிக்காவிலிருந்தோ குளிர்ந்த நிலையில் கப்பலில் வந்தது வழியிலேயே பல வாரம் முதிர்ந்திருக்கும். விமானத்தில் வந்தது அப்படி இருக்காது. நாட்டின் சுவை என்று நாம் புகழ்வதில் ஒரு பங்கு கப்பலுக்குச் சேர வேண்டியது.

வாட்டும் முறை

மிளகு, பூண்டு, மசாலா எதுவும் வேண்டாம். எடையில் ஒரு விழுக்காடு உப்பை, அதாவது 250 கிராம் துண்டுக்கு 2.5 கிராம், நாற்பது நிமிடத்துக்கு முன்பே தடவிவிட்டு, வாட்டுமுன் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கனமான இரும்புத் தோசைக்கல் போதும். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே எண்ணெய், மணமற்றதாக. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இதற்கு ஆகாது.

நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். கொழுப்பு மிகுந்ததும் குறைந்ததும் ஒரே வேகத்தில் வேகாது. நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் எடுத்து ஓய்வில் வைத்தால் 63 வரை தானே ஏறும். முழுத் துண்டு இறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்பானது என்று சொல்வதும் மூன்று நிமிட ஓய்வோடு கூடிய அந்த 63-ஐத்தான். கொத்திய இறைச்சிக்கு இந்தக் கணக்கு செல்லாது. இரத்தச் சிவப்பாகச் சாப்பிடப் பழகாத நம்மவருக்கும் இந்த நிலை உறுத்தாது. முழுக்க வேகவைத்தால் எல்லா நாடும் ஒன்றாகிவிடும்.

சுவைக்க அமரும்போது

விளிம்பைக் கழித்துவிட்டு, இழைக்குக் குறுக்கே ஒரே அளவுத் துண்டுகளாக்கி, சமைத்தவர் மட்டுமே அறிந்த மூன்றிலக்க எண்களைத் தட்டுகளில் எழுதி வையுங்கள். ஜப்பான் என்ற பெயரைக் கேட்டதுமே நாக்கு தலையாட்டத் தொடங்கிவிடும். பெயரை மறைப்பது அதற்காகவே. எம்எஸ்ஏ சோதனைகளில் முதல் துண்டு நாக்கைத் தயாராக்குவதற்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. பசியோடு உண்ணும் முதல் வாய் எப்போதும் கூடுதல் மதிப்பெண் வாங்கிவிடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்களும் வரிசையில் இல்லாத ஒரு துண்டை முதலில் கொடுங்கள். இடையிடையே வாயைக் கழுவ அங்கே கொடுப்பது ரொட்டியும், ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆப்பிள் சாறும்.

வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுவதே நல்லது. ஆனால் வாக்யு மட்டும் எல்லோருக்கும் கடைசியில் வரட்டும். அதன் கொழுப்பு நாக்கில் படிந்தபின் எந்தப் புல்மாட்டு இறைச்சியும் தவிடுபோலத் தோன்றும். அதை ஆளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வைப்பதும் வீண். நான்காவது வாயில் திகட்டிவிடும். ஏ5 துண்டை முழு ஸ்டேக்காகத் தின்ன முயன்றுவிட்டு வாக்யு பிடிக்கவில்லை என்பவர்கள் மேல் குற்றமில்லை. ஜப்பானியர் அதை மெல்லிய ஏடாகச் சீவி உண்பது ஒரு காரணத்தோடுதான்.

மென்மை, சாறு, சுவை, மொத்தத் திருப்தி என்று நான்குக்கும் 0 முதல் 100 வரை தனித்தனியே மதிப்பெண் இடுங்கள். மொத்தத்தில் சாறுக்குப் பத்தில் ஒரு பங்கும் மற்ற மூன்றுக்கும் பத்தில் மூன்று பங்கு வீதமும் கொடுப்பது எம்எஸ்ஏ வழக்கம். எண்ணோடு நிறுத்தாமல் பக்கத்தில் சொல்லாலும் எழுதுங்கள். மென்மையை முதல் கடியில் பாருங்கள்; விழுங்கும்போது நார் எஞ்சுகிறதா என்பதைத் தனியே குறியுங்கள், ஏனெனில் அது வயதையும் தசையையும் காட்டுவது. புல்மாட்டில் பச்சிலை வாடையும் ஈரல் சாயலும் கலந்த ஒரு கூர்மை இருக்கும். அமெரிக்கத் தானிய மாட்டில் உருக்கிய வெண்ணெயும் வறுத்த சோளமும் சேர்ந்த இனிப்பு. ஜப்பானிய வாக்யுவில் தேங்காயை நினைவூட்டும் ஓர் இனிய மணம் மூக்கின் பின்புறம் எழும்; லாக்டோன் எனப்படும் சேர்மங்கள் அதற்குக் காரணம். சிறு வயதிலிருந்து எதைத் தின்று வளர்ந்தோமோ அதையே நாக்கு நல்லது என்னும் என்பதால், உருகுவேக்காரர் 90 போடும் துண்டுக்கு டெக்சாஸ்காரர் 60 போட்டால் இருவரும் சரியே.

குழம்புக்கு வேறு கணக்கு

நம் வீடுகளில் மாட்டிறைச்சி பெரும்பாலும் குழம்பாகவோ தேங்காய்ச் சில்லுகளோடு வறுவலாகவோதான் ஆகிறது; அதற்கு மேலே சொன்ன வரிசை தலைகீழாகும். முன்கால் தோள் பகுதியையோ கெண்டைக்கால் பகுதியையோ ஒரே அளவாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் மட்டும் சேர்த்து, தனித்தனிப் பாத்திரத்தில் சிறுதீயில் மூடி வேகவைத்து, முட்கரண்டி தடையின்றி இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எருமையையும் பிரேசில் நெலோரையும் தயங்காமல் சேர்க்கலாம். இணைப்புத் திசு மிகுந்த இறைச்சி கூடுதல் நேரம் எடுத்து, சாற்றுக்குக் கனம் கொடுக்கும். மிளகாயையும் மல்லியையும் தாண்டி மணக்கும் அழுத்தம் எருமையிலும் வயதான மாட்டிலும்தான் உண்டு. கொழுப்பிழை மிகுந்த துண்டோ எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும். குக்கரில் வைத்தால் விசில் எண்ணிக்கையில் வேறுபாடுகள் மறைந்துபோகும் என்பதால், சோதனை நாளில் மட்டும் திறந்து பார்க்கக்கூடிய மூடிப் பாத்திரமே பொருத்தம். நேரம், வேகுமுன் எடை, வெந்தபின் எடை, கிலோ விலை ஆகிய நான்கையும் நாட்டின் பெயருக்கு எதிரே எழுதினால், வெந்த இறைச்சி கிலோ என்ன விலைக்கு விழுந்தது என்பதும் தெரிந்துவிடும்.